வேல்பாண்டி எழுதாத பத்திரம்

உத்தமபாளையம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வரிசையாக ஏழு பத்திர எழுத்தர் கடைகள். மூன்றாவது கடை வேல்பாண்டியுடையது. முப்பத்தைந்து வருடமாக அங்கேதான் இருக்கிறார். மனைப்பத்திரம் எழுதித் தரச் சொல்லி யார் படியேறினாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மூலப்பத்திரம் எங்க?"

இல்லை என்று சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். யாருடைய தாத்தா யாருடைய தோப்பை வளைத்தார், எந்த வீட்டில் தங்கச்சிக்குப் பங்கு கொடுக்காமல் கைநாட்டு வாங்கினார்கள், எந்தக் கிணற்றுக்கு எத்தனை வாரிசு என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை நான்கு தலைமுறைக்கு அடுத்தவர்கள் குடும்பத்தை அவர் ஒப்பிப்பதைக் கேட்டால் சொந்தக்காரர்களே வெட்கப்படுவார்கள்.

ஊரார் நிலத்துக்கெல்லாம் மூலப்பத்திரம் பார்த்தவருக்கு ஐம்பத்தைந்து வயதுவாக்கில் தன் வம்சத்துக்கு ஒன்று இல்லையே என்ற கவலை வந்தது. மூன்று வருடம் அலைந்து முப்பத்திரண்டு பக்கத்தில் வகையறா வரலாறு ஒன்றை எழுதி அச்சடித்தார். அதன்படி நானூறு வருடத்துக்கு முன்பு வீரணன் என்ற தளபதி மதுரை அரண்மனையிலிருந்து வெள்ளைக் குதிரையில் கிளம்பி, வழியில் ஒரு புலியைக் கொன்று, கம்பம் பள்ளத்தாக்கில் வந்து இறங்கினார். ஆதாரம் கிடைக்காத இடங்களில், "என்பது வழிவழியாக அறியப்படும் உண்மை" என்று போட்டிருந்தார். முப்பத்திரண்டு பக்கத்தில் அந்த வரி பத்தொன்பது தடவை வந்தது. வீரணனுடைய மூத்த மகனின் நேர்வாரிசு, ஒன்பதாம் தலைமுறை, வேல்பாண்டி. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "பெண்மக்கள் பெயர்கள் இடவசதி கருதி விடப்பட்டுள்ளன."

அவர் மனைவி அனுசுயா கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "குதிரைக்கு முழுசா ஒரு பக்கம் ஒதுக்கிருக்கீக" என்று மட்டும் சொன்னார்.

பிரச்சினை குலசாமி கோவிலில் வெடித்தது. வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது கோவில். மாசி சிவராத்திரிக்கு வகையறா முழுக்க அங்கே கூடும். பூசாரி சாமி பாதத்தில் வைத்து எடுத்த பட்டுத்துணியை மூத்த வீட்டு ஆளின் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார். மூத்த வீடு எது என்பதில் இரண்டு கட்சி. வேல்பாண்டி ஒன்று. சின்னமனூரில் செங்கல் சூளை வைத்திருக்கும் ஒச்சாண்டி இன்னொன்று. ஒச்சாண்டி மூன்று வயது மூத்தவர். பெரியாறு அணைத் தண்ணீருக்கான போராட்டத்தில் குமுளி மலைப்பாதை வரை போய்க் கோஷம் போட்டதில் அவருக்கு அந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. இருவரும் நேரில் பார்த்தால் அண்ணே, தம்பி என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்த வருடம் சிவராத்திரியில் அண்ணன் ஒரு முனையும் தம்பி ஒரு முனையுமாகப் பரிவட்டத்தைப் பிடித்து இழுத்ததில் பட்டு நடுவில் கிழிந்தது. பூசாரி கீழே விழுந்தார்.

தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். வேல்பாண்டி புத்தகத்தை நீட்டினார். ஒச்சாண்டி ஒரு துருப்பிடித்த வாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அன்றைக்கு ஐந்தாவது சமாதானக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த தாசில்தார் வாளையும் புத்தகத்தையும் பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு பேரும் மூத்த வாரிசுன்னா நான் என்னங்க செய்யிறது? டிஎன்ஏ டெஸ்ட்தான் எடுக்கணும்."

அலுப்பில் சொன்னது. ஆனால் கூட்ட நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் அதையும் ஏழாவது வரியாக எழுதிவிட்டார். அரசாங்கக் காகிதத்தில் ஏறிய வரியை மீறுகிற பழக்கம் வேல்பாண்டிக்குக் கிடையாது. ஒச்சாண்டியோ மறுநாளே நகல் வாங்கி, "தாசில்தார் உத்தரவு" என்று வாட்ஸப்பில் போட்டுவிட்டார்.

மகள் மகிமா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் ஒரு கம்பெனியில் சொல்லி இரண்டு பரிசோதனைப் பெட்டிகளை வரவழைத்துக் கொடுத்தாள். குழாயில் எச்சிலைத் துப்பி மூடி அனுப்ப வேண்டும். ஒன்றரை மாதத்தில் பூர்வீகம் எது, சொந்தம் யார் என்று செல்போனிலேயே வந்துவிடும்.

"அப்பா, மூத்த வீடு எதுன்னெல்லாம் இது சொல்லாது. யாருக்கு யாரு சொந்தம்னு மட்டும்தான் சொல்லும்" என்றாள்.

"அது போதும். சொந்தம்னு வந்துட்டா மூத்தது எதுன்னு நான் எழுதிக்கிறேன்."

எச்சிலை மாற்றிவிடுவார்கள் என்று இரண்டு பக்கமும் பயம் இருந்தது. அதனால் துப்புவதைச் சாட்சி வைத்துச் செய்வதென்று முடிவானது. கோவிலில் துப்பப் பூசாரி சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கைகழுவும் இடத்தில் ஏற்பாடு செய்தார்கள். பக்கத்துக்கு இருபது பேர் வந்தார்கள். அரைமணி நேரம் முன்பிருந்து வாயில் எதுவும் போடக்கூடாது என்பது விதி; ஒச்சாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்ததை மூன்று பேர் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். நாலைந்து செல்போனில் வீடியோ ஓடியது.

ஒச்சாண்டி இரண்டே நிமிடத்தில் கோடு வரைக்கும் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வேல்பாண்டிக்கு நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்ததில் நாக்கு காய்ந்துபோனது. அனுசுயா ஒரு பச்சை மாங்காயைக் கீறி உப்புத் தடவி அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வாயூறியது. வேல்பாண்டிக்கு ஊறவில்லை. இருபது நிமிடம் பிடித்தது.

"ஊர்க்காரவுக சளியை இருபத்தஞ்சு வருசமா டப்பாவுல வாங்கி காசநோய் ஆசுபத்திரிக்கு அனுப்பிருக்கேன்" என்றார் அனுசுயா, வீட்டுக்கு வரும் வழியில். "துப்புறதுக்கு விழா எடுத்து இன்னைக்குத்தான் பாக்குறேன்."

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் வந்தது. வேல்பாண்டி ஒரு தானப்பத்திரத்தில் எல்லை எழுதிக்கொண்டிருந்தார். மகிமா போன் செய்தாள்.

"அப்பா, பக்கத்துல யாரும் இருக்காகளா?"

"ஏன், சொல்லு."

"கொஞ்சம் வெளிய வாங்க."

வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார். மகிமா நிதானமாகத்தான் சொன்னாள். ஒச்சாண்டிப் பெரியப்பாவுக்கும் அவருக்கும் எந்த ஒட்டும் இல்லை. தூரத்துச் சொந்தம்கூடக் காட்டவில்லை. ஆனால் கம்பத்தில் ஒருவர் ரொம்ப நெருக்கமாக ஒத்துப்போகிறார். ஒரே பூட்டனுக்குக் கொள்ளுப்பேரன்கள் என்று சொல்லும் அளவுக்கு நெருக்கம்.

"கம்பத்துல நம்ம வகையறா யாரு இருக்கா? பேரு என்ன போட்டிருக்கு?"

"ஷானவாஸ்."

வேல்பாண்டி கடைப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "குழாய் மாறிருக்கும்" என்றார்.

"நாற்பது பேரு சாட்சிப்பா. வீடியோ இருக்கு."

அவர் கடைக்குத் திரும்பிப் போய் எல்லையை எழுதி முடித்தார். கிழக்கு மேற்காகிவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் அவர் அடித்தெழுதிய முதல் பத்திரம் அதுதான்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அனுசுயாவிடம்கூடச் சொல்லவில்லை. மகிமா ஏற்கெனவே சொல்லியிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அந்த ஷானவாஸே மகிமாவின் மூலம் சேதி அனுப்பினார். நேரில் பார்க்க முடியுமா, தனியாக வந்தால் நல்லது. அந்தத் 'தனியாக' என்ற வார்த்தையில் தன்னுடைய பயத்தைப் போலவே ஒரு பயம் இருப்பதை வேல்பாண்டி கண்டுகொண்டார். கொஞ்சம் தெம்பு வந்தது. கம்பத்துக்குப் பஸ் ஏறினார்.

ஷானவாஸ் கம்பம் கடைவீதியில் குழாய், வாஷ்பேசின், குளியலறைக் கண்ணாடி விற்கிறவர். சுருளிப்பட்டிப் பாதையில் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உண்டு. ஐம்பத்தெட்டு வயது. கடை வாசலிலேயே காத்திருந்தார்.

"வாங்க மாமா" என்றார்.

அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். முஸ்லிம்களும் மற்றவர்களும் தலைமுறை தலைமுறையாக மாமன், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேல்பாண்டியும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு, "என்ன மச்சான்" என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இந்த முடிவு உண்மையென்றால் இவர் மச்சான் இல்லை. பங்காளி.

பின்கட்டில் குளியலறைக் கண்ணாடிகள் அடுக்கியிருந்த இடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தார்கள். எதிரே மாட்டியிருந்த ஒரு முழுநீளக் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். நுனியில் சற்றே இடதுபக்கம் சாய்ந்த அதே மூக்கு இரண்டு முகத்திலும் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"நீங்க எதுக்கு டெஸ்ட் எடுத்தீக?" என்று கேட்டார் வேல்பாண்டி.

ஷானவாஸ் தயங்கினார். "எங்க வீட்டுக் கூடத்துல சட்டம் போட்டு ஒரு வம்சாவளி மாட்டிருக்கு மாமா. எங்க மூதாதை ஏமன் நாட்டுல இருந்து அரபுக் குதிரையோட கப்பல்ல வந்தாகன்னு. எங்க அத்தா எழுதி வச்சது. சார்ஜாவுல இருக்குற என் தங்கச்சி மகன், அதை நிரூபிச்சுருவோம்னு இந்தப் பெட்டியை அனுப்புனான்."

"என்ன வந்துச்சு?"

"தொண்ணூத்தொன்பது சதவீதம் தென்னிந்தியான்னு வந்திருக்கு. ஏமன்ல இருந்து குதிரை மட்டும்தான் வந்திருக்கும் போல. வீட்டுல இன்னும் சொல்லல."

வேல்பாண்டிக்கு மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "எங்களுக்கும் குதிரைதான். வெள்ளைக் குதிரை" என்றார்.

ஷானவாஸ் அந்த வம்சாவளியைச் செல்போனில் படமெடுத்து வைத்திருந்தார். அவர் தாத்தா ஷேக் மைதீன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, 'தம்பி' என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. இறந்த வருடமும் இல்லை. வேல்பாண்டியின் தொழில் கண் அங்கேயே நின்றது.

"இது என்ன, மொட்டையா விட்டிருக்கீக?"

"எங்க பெரியம்மா அம்சத் பீவி சொல்லுவாக. காலரா வந்த வருசம் அந்தப் புள்ளை பொறந்து நாற்பது நாள்ல தாய் மவுத்தாயிருச்சாம். உங்க பக்கத்துல இருந்து கம்பத்துக்கு மோர் விக்க வந்த ஒரு அம்மா, அவுக புள்ளையும் காலராவுல போயிருந்துச்சாம், பால் குடுத்துத் தூக்கிட்டுப் போனாகளாம். பொழைக்க வச்சுக் கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போனவுக. அப்புறம் கொண்டாரவும் இல்ல, இவுக போய்க் கேக்கவும் இல்ல. ரெண்டு பக்கமும் பேசாம விட்டுட்டாக."

"அந்த அம்மா பேரு?"

"பேரு சொல்ல மாட்டாக. மோர்க்காரம்மான்னுதான் சொல்லுவாக."

வேல்பாண்டியின் கொள்ளுப்பாட்டி மோர் விற்றவர். அது அவருக்குத் தெரியும். தளபதி வம்சத்துக்கு ஒவ்வாது என்று வரலாற்றில் அதை விட்டிருந்தார். தாத்தா அவளுக்கு ஒரே பிள்ளை. புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில், "பன்னிரண்டு ஆண்டு தவமிருந்து பெற்ற ஒரே மகன்" என்று எழுதியது அவரேதான். தவமிருந்தவள் பெயர் மூக்கம்மாள். பழைய பட்டா ஒன்றில் பார்த்திருக்கிறார். இடவசதி கருதி அந்தப் பெயரும் விடப்பட்டிருந்தது.

தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு, மோர்ப்பானையைத் தலையிலும் யாரோ பெற்ற பிள்ளையை இடுப்பிலுமாகச் சுமந்து அத்தனை தூரம் நடந்து வந்தவளை அவர் நினைத்துப் பார்த்தார். அவள் எந்த வம்சாவளியும் பார்த்திருக்க மாட்டாள். பிள்ளைக்குப் பசித்தது, அவளுக்குப் பால் கட்டியிருந்தது. வேல்பாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே ஷானவாஸும் அதையே செய்துகொண்டிருந்தார்.

ஆனால் இருவருக்கும் வீடு, வகையறா, ஊர் எல்லாம் இருந்தது. நெகிழ்ச்சி ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் வரைதான் தாங்கியது.

"இது வெளிய தெரிஞ்சா நான் சிவராத்திரிக்குக் கோவிலுக்குள்ள போக முடியாது" என்றார் வேல்பாண்டி.

"என் மகளுக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கேன் மாமா. மாப்பிள்ளை வீட்டுல ஏமன் வம்சம்னுதான் சொல்லி வச்சிருக்கோம்."

"அப்ப எழுத்துல முடிச்சுக்குவோம். வாய்ச்சொல்லு நாளைக்கு நிக்காது. இந்தச் சொந்தத்துல உங்களுக்கும் எனக்கும் எந்தப் பாத்தியமும் இல்லைன்னு ஆளுக்கொரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கிருவோம்."

பையில் இருபது ரூபாய் முத்திரைத்தாளே வைத்திருந்தார். மாதிரிக்கு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வாஷ்பேசின் பெட்டி ஒன்றின்மேல் வைத்து, தன் வழக்கமான கையெழுத்தில் தொடங்கினார். 'கம்பம் நகரில் வசிக்கும் ஷானவாஸ் அவர்களுக்கு, உத்தமபாளையத்தில் வசிக்கும் வேல்பாண்டி ஆகிய நான் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால்—'

அங்கேயே பேனா நின்றது.

"என்ன மாமா?"

"விடுதலைப் பத்திரம்னா பாத்தியம் உள்ளவன்தான் எழுதிக் குடுக்க முடியும். முதல்ல என்ன உறவுன்னு போடணும். இன்னாரு பேரன் இன்னாரு, அவுக அண்ணன் பேரன் இன்னாருன்னு விவரமா எழுதி, அந்த உறவுல வர்ற உரிமையைத்தான் விட முடியும். உறவு இல்லாதவன் எழுதிக் குடுத்தா அது செல்லாது."

"அப்ப சொந்தம் இல்லைன்னு எழுதணும்னா…"

"சொந்தம்னு முதல்ல எழுதணும்."

தானப்பத்திரம், உடன்படிக்கை, பிரமாண வாக்குமூலம் என்று வேல்பாண்டி தனக்குத் தெரிந்த அத்தனை வகையையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எதை எடுத்தாலும் இரண்டாவது பத்தியில் மூக்கம்மாள் வந்து நின்றாள். செல்லாத பத்திரம் எழுதினார் என்ற பெயர் அவருக்கு இதுவரை இல்லை. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். செல்போனில் இருக்கிற விவரத்தை இரண்டு பேரும் அழித்துவிடுவது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். ஷானவாஸ் பஸ் ஏற்றிவிட வந்தார். கையில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்தார்.

அனுசுயா திராட்சையைக் கழுவிக்கொண்டே, "கொழுந்தனாரு நல்லா இருக்காகளா?" என்று கேட்டார். வேல்பாண்டிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மறைக்க இனி ஒன்றுமில்லை என்றானதும் ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இன்னும் ஒச்சாண்டி பாக்கியிருந்தார். வாரம் ஒரு தடவையாவது போன் செய்து மிரட்டிக்கொண்டிருந்தவர் முடிவு வரவேண்டிய நாளுக்குப் பிறகு கூப்பிடவே இல்லை. வேல்பாண்டியே துணிந்து போன் போட்டார்.

"அண்ணே, என்னோடது சரியா வரலைன்னுட்டாக. எச்சி பத்தலையாம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "எனக்கும் அதேதான் தம்பி. வெத்தலைச் சாறு கலந்துருச்சாம். விடுங்க. விஞ்ஞானத்துக்கு நம்ம வம்சம் புடிபடாது."

உண்மை என்னவென்று மகிமாவுக்குத் தெரிந்திருந்தது. ஒச்சாண்டியின் மகன் சுரேஷ்கண்ணன் அவளிடம் வாட்ஸப்பில் புலம்பியிருந்தான். அவன் அப்பாவுக்குக் கிடைத்த நெருங்கிய சொந்தம் எட்டு பேர். எட்டு பேரும் குமுளிக்கு அந்தப் பக்கம், கட்டப்பனையில். அதில் ஒருவர் பாசமாக மலையாளத்தில் நீளமாக ஒரு சேதி அனுப்பி, ஓணத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். அணைக்காகப் போராடியவர் மூன்று நாள் சூளைப் பக்கமே போகவில்லையாம்.

அடுத்த சிவராத்திரியில் வகையறா இதுவரை பார்க்காததைப் பார்த்தது. பூசாரி பட்டுத்துணியோடு பயந்து பயந்து வெளியே வந்தார். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் தயாராக நின்றார்கள்.

"அண்ணே, நீங்கதான் மூத்தவுக, வாங்க" என்றார் வேல்பாண்டி.

"சேச்சே. படிச்சவுக நீங்க. புத்தகமே எழுதிருக்கீக. நீங்க கட்டிக்கங்க தம்பி" என்றார் ஒச்சாண்டி.

கால்மணி நேரம் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். போன வருட இழுபறியைவிட இது நீண்டது. பொறுமையிழந்த பூசாரி, பேத்திக்குக் காது குத்தத் திருப்பூரிலிருந்து வந்து ஓரமாக நின்றிருந்த கர்ணன் என்ற பனியன் கம்பெனித் தையல்காரர் தலையில் துணியைக் கட்டிவிட்டார். அவர் திகைத்துப்போய், இது எந்த நேர்த்திக்கடனில் சேரும் என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் பெருந்தன்மையைப் பாராட்டிக் கைதட்டியது.

வகையறா வரலாற்றின் இரண்டாம் பதிப்பு சித்திரையில் வந்தது. பதினான்காம் பக்கத்தில் மூக்கம்மாள் பெயர் இருந்தது. மோர் விற்றுப் பிள்ளை வளர்த்தவர் என்ற ஒரு வரியும் இருந்தது. தவம் போய்விட்டது. குதிரை கால் பக்கமாகச் சுருங்கியது. அனுசுயா தன் பெயரைத் தேடிப் பார்த்தார், இல்லை. "மூணாம் பதிப்புல பாத்துக்கலாம்" என்றார் வேல்பாண்டி.

வைகாசியில் ஷானவாஸின் மகள் ரஃபியாவுக்குக் கம்பத்தில் கல்யாணம். பத்திரிகை தபாலில் வராமல் ஷானவாஸ் கையிலேயே வந்தது. வேல்பாண்டி புதுச் சட்டை தைத்தார். அனுசுயாவையும் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டார். அனுசுயா ரஃபியாவின் கையில் ஒரு மோதிரத்தைப் போட்டுவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பெண்ணுக்கும் சாய்ந்த மூக்குதான். அழகாகவே இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் வேல்பாண்டி முகம் வாடி உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்று அனுசுயா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது பந்தியில உக்கார வச்சாக, கவனிச்சியா?" என்று கேட்டார்.

"கூட்டம் அப்படி."

"குழாய்க்கடை ஏஜெண்டெல்லாம் முதல் பந்தி. மாப்பிள்ளை வீட்டாருகிட்ட என்னை, உத்தமபாளையத்துப் பத்திரக்காரவுகன்னு சொல்றான். அதோட வாங்க மாமா, உக்காருங்க மாமான்னு மாமா வேற."

"வேற என்னன்னு கூப்பிடணும்?"

"அண்ணேன்னு கூப்பிட்டாத்தான் என்ன? நான் மூணு வயசு மூத்தவன். அவன் சட்டம் போட்டு மாட்டிருக்கானே, அதை வச்சுப் பாத்தாலும் எங்க தலைமுறையில நான்தான் மூத்தவன்."

அனுசுயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அனுமந்தன்பட்டி தாண்டி வயல்காற்று வீசியது. வேல்பாண்டி பையிலிருந்து பேனாவை எடுத்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஷேக் மைதீன் என்று எழுதி, அதற்குக் கீழே கோடுகள் இழுக்க ஆரம்பித்தார்.